வீட்டுப் பட்டியலில் மூன்று பேர்

நாகேந்திரத்தாரைக் கொஞ்சம் நல்ல மனிதராகக் காட்டக் கூடாதா என்று கேட்டு சென்ற வாரம் நான்கு கடிதங்கள் வந்தன. நான்கையும் எழுதியவர்கள் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்கள். முயன்றுதான் பார்த்தேன். இந்த வாரமும் மனிதர் இடம் கொடுக்கவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அதில் குடியிருக்கும் நாகேந்திரம், முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கந்தோரில் படிவம் நிரப்பிப் பென்சன் வாங்கியவர். மனைவி நேசமலர். மூத்த மகள் வத்சலாவுக்கு இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, டெனிஸ் விளையாடுகிறாள். பொழுதுபோக்குக்கு அல்ல, தொழிலாக. பூனா, தாஷ்கெண்ட், இஸ்லாமாபாத் என்று மலிவு விடுதிகளில் தங்கி, தன் ரக்கெட்டுக்குத் தானே நரம்பு கட்டி, உலகப் பட்டியலில் எண்ணூற்று எழுபத்து மூன்றாவது இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள். இளையவள் கௌரிக்கு வங்கியில் வேலை. லண்டன் சம்பந்தம் பேசியிருப்பது அவளுக்குத்தான்.

மூத்தவள் இருக்க இளையவளுக்கு எப்படி என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்களே என்று பயந்து, மூத்தவள் கனடாவில் கல்யாணம் முடித்துவிட்டாள் என்று சொல்லி வைத்தார்கள். சொன்னது மாப்பிள்ளையின் தாய்மாமன் கனகசபாபதியிடம். அவர் சமாதான நீதவான். நான்கு மாதத்துக்கு முன்புதான் கொட்டாஞ்சேனையிலிருந்து முன்வீட்டுக்குக் குடிவந்தார். வத்சலா எட்டு மாதமாக நாட்டில் இல்லை. ஆகவே பொய் ஆரோக்கியமாக இருந்தது. கனடாவில் இருக்க வேண்டியவள் முந்தாநாள் ரக்கெட் பையோடு வந்து கதவைத் தட்டினாள் என்பதோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

அவள் வந்தது தங்கையின் பெண்பார்க்கும் சடங்குக்கு அல்ல. கொழும்பில் இந்த வாரம் ஒரு சின்னச் சர்வதேசப் போட்டி. சென்ற வருடம் இதே வாரம் அவள் பூனாவில் வென்ற புள்ளி, வருகிற திங்கட்கிழமையோடு காலாவதியாகிறது. இன்று முதல் சுற்றில் வென்றால் அதற்குப் பதில் ஒரு புள்ளி வரும், பெயர் பட்டியலில் இருக்கும். மூன்று போட்டியிலாவது புள்ளி இருந்தால்தான் பட்டியலில் இடம், அவளுக்கு இருப்பது சரியாக மூன்று. தோற்றால் எண்ணூற்று எழுபத்து மூன்று எண்ணூற்றுத் தொண்ணூறாகாது, ஆயிரமாகாது. பெயரே இராது.

இனி மற்றப் பட்டியலுக்கு வருவோம். கொழும்பில் தமிழர் வீடு என்றால் பொலிஸில் பதிந்த வீட்டுப் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். யார் வந்து ஓர் இரவு தங்கினாலும் போய்ப் பதிய வேண்டும். தை மாதம் புதுப்பித்தபோது நாகேந்திரத்தார் மூன்று பெயர்தான் எழுதினார். மூத்தவளை விட்டுவிட்டார். "வீட்டில இருக்கிறவையின்ர பேர்தான் வீட்டுப் பட்டியல்" என்று அதற்கு ஒரு சட்டமும் சொன்னார்.

முந்தாநாளே போய்ப் பதிந்திருக்கலாம். நேற்றும் போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. வரிசையில் பின்னால் ஒழுங்கையே நிற்கும்போது சார்ஜன்ட் உரத்த குரலில் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால்? குட்டைப் பாவாடை போட்டுப் பந்து அடிக்கிறாள் என்று சொல்வதைவிட மனிதர் உயிரை விடுவார். இங்கே விடப்பட்டது மகளின் உயிர் என்பதால் அவருக்கு அவ்வளவு கஷ்டம் தெரியவில்லை.

இன்று காலை ஐந்தரைக்கு ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ட்ரக் வந்து நின்றது. வன்னியில் சண்டை மூளும் நாட்களில் வெள்ளவத்தையில் இது வழக்கம். ஒவ்வொரு வீட்டாரும் பட்டியலையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு வந்தார்கள். முன்வீட்டுக் கேற்றில் கனகசபாபதி தோளில் துவாயும் கையில் தேத்தண்ணிக் கோப்பையுமாக நின்றார். நீதவான் என்பதால் அவரைப் பொலிஸார் பெயருக்குத்தான் சோதித்தார்கள்.

சார்ஜன்ட் தலைகளை எண்ணினார். பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். பிறகு வத்சலாவைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

"மே கவுத?"

யார் இவள் என்பது கேள்வி. மகள் என்பது பதில். அதற்கு ஒரு சொல் போதும்.

நாகேந்திரத்தார் வாயைத் திறந்தார். மேலதிகாரிகளுக்கு முன்னால் திறந்து திறந்து மூடிப் பழகிய வாய், இப்போதும் மூடிக்கொண்டது. முன்வீட்டுக் கேற்றைப் பார்த்தவள் நேசமலர். பார்த்ததும் அவளுக்கு என்றைக்கும் இல்லாதபடி சிங்களம் சரளமாக வந்தது. சொந்தக்காரப் பிள்ளை, மஹத்தயா, ஊரிலிருந்து வந்து நிற்கிறாள் என்றாள், ஐயா என்பதையும் சிங்களத்திலேயே போட்டு.

ஊரிலிருந்து. அதாவது வடக்கிலிருந்து. யுத்த காலத்தில், சுற்றிவளைப்பு நேரத்தில், பதிவில்லாத ஓர் இளம் தமிழ்ப் பெண்ணைப் பற்றி இதைவிட மோசமாக ஒன்றைச் சொல்ல முடியாது. ஆற அமர யோசித்திருந்தாலும் நேசமலருக்கு இவ்வளவு பொருத்தமாக வாய்த்திராது.

நான்தான் மகள் என்று வத்சலாவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை அப்பாவின் வாயால் கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு. பிழைதான். ஆனால் எண்ணூற்று எழுபத்து மூன்றாம் இடத்தில் இருப்பவர்களுக்கு வீம்பைத் தவிர வேறென்ன சொத்து இருக்கிறது?

ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். அவள் உள்ளே போய் ரக்கெட் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அதென்னத்துக்கு இப்ப?" என்றாள் நேசமலர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பன்ரண்டு மணிபோல எனக்கு மட்ச், மாமி," என்றாள் வத்சலா.

மாமி என்று தாயை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொந்தக்காரப் பிள்ளைகள் அப்படித்தானே கூப்பிடுவார்கள்.

ஜீப் போன பிறகு அந்த வீட்டில் ஒப்பாரி நடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நடந்தது பலகாரம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பெண்பார்க்க வருகிறார்கள். நேசமலர் பயத்தம் பணியாரத்துக்கு மாவைக் குழைத்துக்கொண்டே அழுதாள். கை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"அப்பா, இப்பவே போங்கோ," என்றாள் கௌரி. "போய் மகள் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதானே?"

"அந்தரப்பட்டு அலுவல் பாக்கேலாது, பிள்ளை. முன்னுக்குப் பின் முரணாக் கதைச்சா அம்மாவையும் பிடிச்சு வைப்பாங்கள்."

"அக்காவுக்கு மட்ச் இருக்கு."

"மட்ச்," என்றார் நாகேந்திரத்தார். சாப்பாட்டில் கல் கடித்தால் அதை வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார்களே, அப்படி வைத்தார் அந்தச் சொல்லை.

"எல்லாம் உன்னை நினைச்சுத்தான் சொன்னனான்," என்றாள் நேசமலர் இளையவளிடம்.

"எனக்காக எண்டு ஒருத்தரும் பொய் சொல்ல வேண்டாம். உங்களுக்காகச் சொன்னனீங்கள்." கௌரி தொலைபேசியை எடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு அடித்தாள். வத்சலாவின் பழைய இரட்டையர் ஜோடி றோஸிக்கு. அந்த வீட்டில் அன்று காலை யாராவது செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

நாகேந்திரத்தார் சவரம் செய்தார். குளித்தார். திருநீறு பூசினார். பூசும்போது அவருக்கு ஒரு வழி தோன்றியது. முன்வீட்டு நீதவானையே கூட்டிக்கொண்டு போனால் என்ன? எங்கள் சொந்தக்காரப் பிள்ளை, நல்ல நடத்தை என்று அவர் ஒரு கடிதம் தந்தால் அலுவல் முடிந்தது. மகள் என்ற பேச்சே எழாது. யாருக்குப் பொய் சொன்னோமோ அவரையே அந்தப் பொய்க்குச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போவது! முப்பத்து நான்கு வருட அனுபவம் வீண் போகவில்லை.

கனகசபாபதி சம்மதித்தார். ஆனால் பூசை முடிய வேண்டும், புட்டு அவிய வேண்டும், கோட்டைத் தேய்க்க வேண்டும். இரண்டு பேரும் படலையைத் தாண்டும்போது மணி பதினொன்று.

அதுவரை வத்சலா பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் மற்றப் பெண்களோடு இருந்தாள். மேசையில் அவள் பையைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மூன்று ரக்கெட், ஒரு சுருள் நரம்பு, பாஸ்போட். சார்ஜன்ட் நரம்பை இழுத்துப் பார்த்தார். பாஸ்போட்டைப் புரட்டினார்.

"ஏன் இத்தனை நாடு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"விளையாட."

"வெல்வாயா?"

"சில நேரம்."

"உலகத்தில் எத்தனையாவது?"

"எண்ணூற்று எழுபத்து மூன்று."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு ஏதோ யோசித்து, "இந்த நாட்டில் உனக்கு மேலே எத்தனை பேர்?" என்றார்.

"ஒருவரும் இல்லை."

சார்ஜன்ட் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ரக்கெட்டுகளைத் தானே பைக்குள் வைத்தார். இந்தக் கேள்வியை அவள் வீட்டில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்தது என்று மெதுவாகச் சொல்கிறேன், நெஞ்சு எரிந்தது.

பத்தரைக்கு றோஸி ஓட்டோவில் வந்து இறங்கினாள். பாடசாலையொன்றில் விளையாட்டு ரீச்சர். நாக்கில் உப்பும் உறைப்பும் கூடியவள்.

"உன்ட மட்ச் மூணாம் கோர்ட்டில ரெண்டாவது," என்றாள் வாங்குக்குப் பக்கத்தில் குனிந்து. "முதல் மட்ச் பத்துக்குத் தொடங்கிட்டு. அது முடிஞ்சு பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள நீ நிக்கோணும். இல்லாட்டி விளையாடாமலே தோல்வி."

"ஆர் விளையாடுறாங்க?"

"ரெண்டு இந்தியப் பிள்ளைகள். ரெண்டுக்கும் அடிக்கத் தெரியாது, தூக்கித் தூக்கிப் போடுதுகள். இன்னும் மோசமா விளையாடட்டும் எண்டு அந்தோனியாருக்கு நேந்துட்டு வந்திருக்கிறன். உன்ட அப்பா எங்க?"

"திருநீறு பூசிக்கொண்டிருப்பார்."

பதினொன்றேகாலுக்கு நாகேந்திரத்தாரும் கனகசபாபதியும் உள்ளே வந்தார்கள். மகளைப் பார்த்து நாகேந்திரத்தார் தலையை அசைத்தார். பஸ்ஸில் தெரிந்த முகத்தைக் கண்டால் அசைப்பார்களே, அவ்வளவுதான். கனகசபாபதி கடிதத்தை நீட்டினார்.

சார்ஜன்ட் கடிதத்தைப் படித்தார். அடையாள அட்டையைப் பார்த்தார்.

"நாகேந்திரம் வத்சலா," என்று வாசித்தார். பிறகு, "உங்கள் பெயர் என்ன, மஹத்தயா?"

"நாகேந்திரம்."

இத்தனை வருடமாகத் தமிழர் பெயர்களைப் பதிந்து பதிந்து சார்ஜன்ட் ஒன்றைக் கற்றிருந்தார். முன்னால் நிற்பது தகப்பன் பெயர். இரண்டு தமிழ் மூளைகள் திருநீறு பூசி, கோட்டுத் தேய்த்து, கடிதம் எழுதி முத்திரை குத்தியபோது ஒன்றுக்காவது இது தோன்றியிருக்க வேண்டாமா?

"மிகவும் கிட்டிய சொந்தம் போலிருக்கிறது," என்றார் சார்ஜன்ட். "யார் இவள்?"

நாகேந்திரத்தார் கனகசபாபதியைப் பார்த்தார். கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். வத்சலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் அவளுக்கு மட்ச் மறந்துபோயிற்று, புள்ளி மறந்துபோயிற்று. அந்த மனிதர் ஒரு சொல்லைச் சொல்வாரா என்பது மட்டும்தான் இருந்தது.

"மகள்," என்றார் கடைசியில். கந்தோர்ப் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுபோனதை ஒத்துக்கொள்பவர் போலச் சொன்னார்.

"எந்த மகள்?" என்றார் கனகசபாபதி. "கனடா மகளோ?"

வாங்கில் இருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சார்ஜன்ட் வாக்குமூலப் படிவத்தை நீட்டினார். படிவம் கைக்கு வந்ததும் நாகேந்திரத்தாருக்கு உயிர் வந்தது. முத்து முத்தாக எழுதினார். பெயர், வயது, உறவு. தொழில் என்ற கட்டத்தில் ஒரு கணம் நின்று, 'இல்லை' என்று எழுதினார்.

வத்சலா எழுந்து வந்து அவர் கையிலிருந்து பேனையை வாங்கினாள். 'இல்லை' என்பதை ஒரே கோட்டால் வெட்டி, மேலே 'டெனிஸ் வீராங்கனை' என்று எழுதினாள். பேனையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"திருத்தினா பக்கத்தில ஒப்பம் வைக்கோணும், அப்பா. இல்லாட்டிச் செல்லாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒப்பம் இல்லாத காகிதத்தை நாகேந்திரத்தாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது அவர் மதம். ஒப்பம் வைத்தார்.

கனகசபாபதி குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"டெனிஸோ? என்ன நாகேந்திரம், இதையெல்லோ முதல் சொல்லியிருக்கோணும் நீர். எங்கட மருமகனுக்கு டெனிஸ் எண்டா உயிர். லண்டனில ஒவ்வொரு வருஷமும் விடியக் காத்தாலை வரிசையில நிண்டு பாக்கிறவன். மச்சாள் டெனிஸ் வீராங்கனை எண்டு தெரிஞ்சா துள்ளுவான்."

மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது, ஏற்கனவே மூன்று இடத்தில் தட்டிப்போனவர், கனடாப் பொய்யையெல்லாம் பெரிதாக எடுக்கும் நிலையில் மாமன் இல்லை என்பதையும் வாசகர்கள் கருத்தில் கொள்ளலாம்.

அப்போது நாகேந்திரத்தார் செய்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. மனிதர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஓம், அண்ணை. சின்ன வயசில இருந்தே நாங்கள் ஊக்கம் குடுத்து வளத்தது. எண்ணூத்துச் சொச்சம். உலகத்தில!"

பிறகு மகளிடம் திரும்பினார். "பிள்ளை, அஞ்சு மணிக்கு முதல் வீட்டை வந்திடு. ரக்கெட்டையும் கொண்டு வா."

இவருக்காகத்தான் நான்கு கடிதங்கள்.

வத்சலா பையை மாட்டினாள். ஆறு மணிக்குள் வீட்டுப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும் என்றார் சார்ஜன்ட். இப்போதே எழுதித் தருகிறேன் என்றார் நாகேந்திரத்தார், பேனை மூடியைக் கழற்றிக்கொண்டு. அவர் மட்டும் எழுதினால் போதாது, பதியப்படுகிறவளும் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார் சார்ஜன்ட். அதற்குள் றோஸி அவளை ஓட்டோவுக்குள் தள்ளிவிட்டாள்.

காலி வீதியில் இரண்டு இடத்தில் சோதனை. கறுவாத்தோட்டத்துக் கழகத்தில் அவர்கள் இறங்கியபோது இந்தியப் பிள்ளைகள் மூன்றாவது செட்டில் ஆறுக்கு ஆறு என்று நின்று, பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தன. றோஸி சிலுவை போட்டுக்கொண்டாள். கழகத்து அங்கத்தவர்கள் நிழலில் இருந்து எலுமிச்சைத் தண்ணீர் குடித்தார்கள். நாட்டின் முதலாம் இலக்க வீராங்கனை எங்கிருந்து வருகிறாள் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது வழக்கம் இல்லை.

எதிரே தாஷ்கெண்டிலிருந்து வந்த பதினேழு வயதுப் பெண். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிற்றோடு வத்சலா முதல் செட்டை இரண்டுக்கு ஆறு என்று கொடுத்தாள். கால் நகரவில்லை. இரண்டாவது செட்டில் றோஸி ஊட்டிய இரண்டு கதலிப்பழம் வேலை செய்தது. அழகான ஆட்டம் அல்ல. பந்தை வெட்டி வெட்டித் தாழ விட்டாள். உயரமான அந்தப் பெண்ணை ஒவ்வொரு பந்துக்கும் குனிய வைத்தாள், குனிந்து குனிந்து அவளுக்கு எரிச்சல் வரும்வரை. ஆறுக்கு நான்கு.

இனி ஒரு செட். அதை வென்றால் திங்கட்கிழமை பெயர் இருக்கும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கம்பி வேலிக்கு வெளியே யாரோ கூப்பிட்டார்கள். ஹெக்டர். பத்து வருடமாக அந்தக் கழகத்தின் கேற்றில் நிற்பவர். அவளுக்குக் காய்ச்சல் என்றால் முகத்தைப் பார்த்தே சொல்லுவார். விளையாடுகிறவர்களின் தாய் தகப்பனுக்கு நிழல் கொட்டகையில் கதிரை உண்டு, மற்றவர்களுக்கு வெய்யில் பக்கத்துச் சீமெந்துப் படி. அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"மிஸ், கேற்றில ரெண்டு மஹத்தயா," என்றார் சிங்களமும் தமிழும் கலந்து. "ஒருத்தர் கோட். மற்றவர் கையில ஃபைல். ஃபைல்காரர் உள்ள விடு விடு எண்டு சத்தம் போடுறார். நான் இதுக்கு முதல் கண்டதில்லை."

வத்சலா கேற்றைப் பார்த்தாள். திருநீறு இங்கிருந்தே தெரிந்தது. ஒரு கையால் வீட்டுப் பட்டியல் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையை நாகேந்திரத்தார் ஆட்டினார். அந்தக் கை அவளுக்காக ஆடியதே இல்லை. பக்கத்தில் கனகசபாபதி சிரித்துக்கொண்டு நின்றார்.

"எயா கவுத, மிஸ்?" என்றார் ஹெக்டர். யார் அவர்?

காலையில் கேட்ட அதே கேள்வி. கேற்றும் கிட்டத்தட்ட அதே போலத்தான். றோஸி அவளைப் பார்த்தாள். நடுவர் கையைத் தூக்கி, நேரமாகிவிட்டது என்றார். முதல் சேர்விஸ் அவளுடையது.

அவள் இரண்டு பந்தைப் பொறுக்கி, ஒன்றைப் பாவாடைப் பைக்குள் வைத்தாள்.

"சொந்தக்காரர்," என்றாள். "ஊரில இருந்து வந்து நிக்கிறார். வெய்யில் பக்கத்துப் படியில இருக்கச் சொல்லுங்கோ."